ஒரு பக்கம் தூக்கிய கவுன்

இந்த வயதில் உடுப்பு வாங்கப் போவதென்றாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கடைக்குள் நுழைந்ததும் குளிர்காற்று முழங்காலைப் பிடித்துக்கொள்கிறது. உட்கார நாற்காலி இருப்பதில்லை. போட்டுப் பார்க்கும் அறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழாது, விளக்கு மட்டும் ஒன்றையும் மறைக்காமல் எரியும். ஒரு கையை நுழைத்துவிட்டு அடுத்த கைக்கு வழி தேடுவதற்குள் மூச்சு வாங்குகிறது. அப்புறம் அதைக் கழற்றவும் வேண்டும்.

போன மாதம் என் அத்தையின் பேத்தி வந்திருந்தாள். கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். நான் கடைக்கு வரமாட்டேன் என்றதும், போனிலேயே வாங்கிவிடலாம் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதலில் நம் உடம்பு எந்த வகை என்று சொல்லவேண்டுமாம். வரிசையாகப் பெண் உருவங்கள். ஒன்று பேரிக்காய் மாதிரி, ஒன்று ஆப்பிள் மாதிரி, ஒன்று மணல் கடிகாரம் மாதிரி.

"ஆன்டி, இதில எது உங்க டைப்?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். எந்தப் படத்தை எடுத்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன.

"நான் இதில ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். தமாஷ் என்று நினைத்திருப்பாள். அவளுடைய பாட்டி, அதாவது என் அத்தை, இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டாள். அத்தைக்குக் கல்யாணம் நடந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஜூன் மாதத்திலிருந்து அக்டோபர் வரைக்கும் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம் என்றில்லை. ஆரம்பித்தால் முதுகைத் திருப்பிக் காட்டவேண்டி வரும், அதுதான் சலிப்பு.

அப்போது நாங்கள் கரமனையில், ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊர் குழித்துறைப் பக்கம். வீட்டுக்குள் அந்த ஊர்த் தமிழ் பேசுவோம், வாசலைத் தாண்டினால் மலையாளம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதும் மழை பிடிப்பதும் ஒன்றாக வரும். துவைத்த யூனிபாரம் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதில் போட்டு வைப்பாள் அம்மா. வகுப்பில் நாங்கள் எல்லாரும் புகையும் ஈரமும் கலந்த ஒரு வாடையோடுதான் உட்கார்ந்திருப்போம். அந்த வாடை ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால்தானே அவமானம்.

எனக்கு உடுப்பு எடுக்கும்போது கடைக்காரரிடம் அம்மா எப்போதும் சொல்வது ஒன்றுதான்.

"வளர்ற பிள்ளையில்லியா, கொஞ்சம் கூட்டியே எடுங்க."

வெள்ளைச் சட்டை தொடை வரைக்கும் வரும். தோள்பட்டைத் தையல் கையில் பாதியில் கிடக்கும். பாவாடையின் அடியில் அகலமான மடிப்புகள் வைத்துத் தைத்திருப்பாள். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மடிப்பைப் பிரிப்பாள். பிரித்த இடத்தில் வெளுக்காத கருநீலம் வரியாகத் தெரியும். நான் எந்த வகுப்பு என்பதை அந்த வரிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சிக்கனம் மட்டும் அதற்குக் காரணமில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பெண்பிள்ளையின் உடம்பு உடுப்புக்குள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வெளியாளுக்குத் தெரியக்கூடாது. அம்மாவுக்கு நல்ல உடுப்பு என்பது அதுதான். அவளும் அப்படித்தான் உடுத்தினாள். வெளியாளுக்குத் தெரியாதது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாமல் போகும் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

அத்தை, அப்பாவின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஆள் குள்ளம், இடுப்பு அகலம். அதை ஒரு குறையாக அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. பெரிய கரை போட்ட சேலை கட்டமாட்டாள், அது தன்னைத் தரையோடு தரையாக அமுக்கிவிடும் என்பாள். சன்னக் கரை, சின்னப் பூ, கணுக்கால் மறைய நேராக இறங்கும் கொசுவம். ஜாக்கெட் தோளில் ஒரு சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அவள் அறையில் மூன்று மடிப்பாகத் திறக்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. பக்கக் கதவுகளைச் சரித்து வைத்தால் தன் முதுகைத் தானே பார்க்கலாம். சம்பளத்தில் அவள் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய பொருள் அது.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள்.

"ஆபீசுக்குப் போறியா, நாடகத்துக்குப் போறியா? உடுப்பு ஒடம்புல ஒட்டிக்கிட்டு நிக்குது."

"எனக்க ஒடம்புக்குத் தச்சது மைனி. வேற எவளுக்காவது தச்சதப் போட்டுட்டுப் போகச் சொல்லுதியளா?"

மைனிக்கும் நாத்தனாருக்கும் பெரிய பகை ஒன்றும் கிடையாது. ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கிற உரசல்தான். அத்தைக்கு முப்பது நெருங்கியும் வரன் அமையாததற்கு அவள் உடுத்தும் விதம்தான் காரணம் என்று அம்மா அப்பாவிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு வடக்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை. ஓணம் கழிந்து அக்டோபரில் கல்யாணம், நாங்கள் ஞாயிறுதோறும் ஜெபத்துக்குப் போகும் ஆலயத்திலேயே. தோழிப் பெண்ணாக மணமகளுக்குப் பின்னால் நடக்கவேண்டியது நான்.

அத்தை என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வெளிர் ரோஸ் நிறத்தில் சாட்டின் எடுத்தாள். கடைக்காரர் துணியைப் பிரித்து மேசையில் எறிந்தபோது அது தண்ணீர் மாதிரி ஓடிப் பரவியது. இடுப்பு வரை உடம்போடு ஒட்டி, அதற்குக் கீழே விரிந்து இறங்கும் கவுன். அத்தை காகிதத்தில் வரைந்தே காட்டினாள்.

"இவ்வளவு ஒடுக்கமாட்டுத் தைக்கணுமா?" என்றாள் அம்மா.

"மெலிஞ்ச பிள்ளைக்கு மேல ஒட்டித் தச்சாதான் கொள்ளாம் மைனி. தொளதொளன்னு போட்டா கம்புல தொங்கவிட்ட மாதிரி இருப்பா."

கல்யாணப் பெண் சொன்னதால் அம்மா விட்டுக்கொடுத்தாள். பிறந்ததிலிருந்து எனக்கென்று சரியான அளவில் தைக்கப்போகும் முதல் உடுப்பு அது.

தையல்கடை பழவங்காடியில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தையல்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அளவு எடுக்கும்போது கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் விடாமல் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் திடுக்கிடுவேன், அவர் டேப்பைத் திரும்ப வைப்பார்.

முதல் தடவை போட்டுப் பார்த்தபோது கவுன் வலது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இடது தோளில் துணி வழுகி இறங்கியது. அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"துணியில கை வச்சிட்டிய. ஒரு பக்கத்துக்குப் பத்தல பாருங்க."

"துணியில நான் கை வைக்கலம்மா. பாப்பா நிக்கதுதான் சரியில்ல. அளவெடுக்கையிலயும் இப்படித்தான் ஒடிஞ்சு நின்னுச்சு."

"பிள்ளையக் குத்தம் சொல்லாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நேராட்டு நில்லு."

நான் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புதிய வழக்கம் வந்தது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் நான் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கவேண்டும். இரண்டு தோளும் சுவரில் படவேண்டும். ஒரு தோள் படும், மற்றது படாது. அதையும் அழுத்தினால் இடுப்பு விலகும். அம்மா வந்து உள்ளங்கையால் தள்ளுவாள். சோம்பல் என்றாள், திமிர் என்றாள், அத்தையைப் பார்த்து ஒய்யாரமாக ஒசிந்து நிற்கப் பழகிவிட்டேன் என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "பள்ளிக்கூடத்துப் பையை ஒரே தோளில தூக்குதா. அதான் காரணம். நாளையிலேருந்து மத்த தோளில போடு மக்களே" என்றார். ஒற்றைப் பிள்ளையானாலும் எங்கள் ஊரில் மக்களேதான். நான் மாற்றிப் போட்டேன். பை வழுகி வழுகி விழுந்தது.

எனக்கு வலி ஒன்றும் இருந்ததாக ஞாபகமில்லை. என்னால் ஏன் எல்லாரையும்போல் நிற்க முடியவில்லை என்ற குழப்பம்தான். கொஞ்ச நாளில் நானும் அதைத் திமிர் என்றே நம்பினேன்.

இரண்டாம் தடவை தையல்காரர் அடிப்பக்கத்தைச் சமமாக வெட்டியிருந்தார். இப்போது இடுப்புத் தையல் சரிந்து நின்றது, வலது முதுகில் துணி பைபோலப் புடைத்தது. மூன்றாம் தடவை போனபோது எல்லாம் சரியாக இருந்தது. தோள் இரண்டும் ஒரே மட்டம். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியளா, மனசு வச்சா தைக்க முடியுதில்லியா" என்றாள். தையல்காரர் கவுனை மடித்துக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் அத்தை டியூட்டி முடிந்து வந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கவுனைப் போட்டுக்காட்டச் சொன்னாள். காட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தாள், கிட்டே வந்தாள், என் இடது தோளை விரலால் அமுக்கினாள். அமுக்கிய இடம் உள்ளே போனது.

"இது என்னது?"

தோள் தையலைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. வலது தோளிலும் அமுக்கிப் பார்த்தாள். அங்கே பஞ்சு இல்லை.

"கழத்து மக்களே. ஷிம்மிய மட்டும் போட்டுட்டு இஞ்ச வா."

மூன்று மடிப்புக் கண்ணாடிக்கு முன்னால் என்னை நிறுத்தி ஷிம்மியையும் தோளிலிருந்து இறக்கினாள். பக்கக் கதவுகளைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த ஊக்கு ஒன்றை எடுத்துத் தரச் சொன்னாள். நான் குனிந்தேன். குனிந்தபடியே இரு என்றாள். அவளுடைய குளிர்ந்த விரல் என் கழுத்திலிருந்து முதுகெலும்பின் மேல் மெதுவாக இறங்கியது. அது நேராக இறங்கவில்லை. வலது பக்கம் ஒதுங்கிப் போய், திரும்பி, இடது பக்கம் வந்து முடிந்தது.

"அத்தே, நான் நேராட்டுதான் நிக்கேன்" என்றேன்.

"நீ நேராட்டுதான் நிக்க மக்களே" என்றாள். அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "மைனி, இஞ்ச ஒண்ணு வாங்க."

அம்மா ஈரக்கையோடு வந்தாள். என்னைத் திரும்பவும் குனியச் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குரல்தான் கேட்டது.

"மெலிஞ்ச பிள்ளை. எலும்பு தெரியுது."

"வலப்பக்கம் மட்டும் தெரியுமா? நீங்க கடைசியாட்டு எப்போ இவ முதுகப் பாத்தீங்க?"

"தனியாட்டுக் குளிக்கத் தொடங்கி ரெண்டு வருஷமாச்சு. வெக்கப்படுதா. பின்னே நான் எப்படிப் பாக்க?"

பிறகு அம்மா தன் சேலைத் தலைப்பால் என் முதுகை மூடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனிதர். "மோளே, ஒந்நு குனிஞ்ஞே" என்றார். குனிந்து குனிந்து எனக்கு அலுத்திருந்தது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கரமனை ஆறு வளைந்து போவதுபோல என் முதுகெலும்பு வளைந்து இறங்கியது. பை தூக்கியதாலோ நின்ற விதத்தாலோ இது வருவதில்லை, யார் மேலும் தப்பில்லை, வளர்கிற வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி வளையும் என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். வளர்ச்சி நிற்கும் வரைக்கும் முதுகுக்கு ஒரு சட்டம் மாட்டவேண்டும். குளிக்கும் நேரம் தவிர, பள்ளிக்கூடத்திலும் தூக்கத்திலும்கூட அதைக் கழற்றக்கூடாது.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதை உடுப்புக்கு அடியில் போட முடியுமா?

கீழ்ப்பகுதி தெரியாது, கழுத்து வளையம் தெரியத்தான் செய்யும் என்றார் டாக்டர்.

நீங்கள் யாரும் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள். இடுப்பைச் சுற்றித் தடித்த தோல். அதிலிருந்து முன்னால் ஒரு இரும்புப் பட்டை, பின்னால் இரண்டு. அவை மேலே போய்க் கழுத்தைச் சுற்றி ஒரு வளையத்தில் சேரும். தாடைக்குக் கீழே ஒரு தாங்கல். புதுச் செருப்பின் வாடை அடிக்கும். வியர்த்தால் அந்த வாடை உடம்பில் ஏறிவிடும். திருகாணிகள் எல்லாம் பின்பக்கம். போட்டுக்கொள்வதும் கழற்றுவதும் என் கையில் இல்லை.

அதைக் கொண்டுவந்த அன்று வீட்டில் சண்டை.

"கல்யாணம் கழியட்டும்" என்றாள் அம்மா. "ஊர்ல உள்ள சொந்தக்காரங்க அம்புட்டு பேரும் வருவா. எல்லாரும் பாத்துட்டுப் போனா நாளைக்கு இவள யாரு கெட்டுவா?"

"அவளுக்குப் பன்னெண்டு வயசு மைனி."

"பன்னெண்டு வயசுல பாத்தவங்க இருவத்தஞ்சு வயசுலயும் மறக்கமாட்டாங்க. ஒனக்கு வரன் தேடி அலைஞ்சது எனக்குல்லா தெரியும்."

அத்தையின் முகம் சிவந்தது. அப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணா, எனக்கக் கல்யாணத்துக்கு இவ அதப் போட்டுட்டுதான் வரணும். இல்லேன்னா எனக்குத் தோழிப் பெண்ணே வேண்டாம்."

அப்பா இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். அப்பா எப்போதும் அப்படித்தான் சொல்வார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு என்ன சொல்லத் தெரிந்திருக்கும்.

கல்யாணப் பெண்ணின் பிடிவாதம் ஜெயித்தது. அந்தக் கவுன் சட்டத்துக்கு மேல் ஏறவில்லை. சாட்டின் மீதியும் இல்லை. அத்தை அதே ரோஸ் நிறத்தில் கொஞ்சம் கனமான பருத்தித் துணி எடுத்து, என்னைச் சட்டத்தோடேயே தையல்கடைக்குக் கூட்டிப்போனாள். தையல்காரர் வளையத்தைப் பார்த்ததும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"கழுத்துல ஒரு பெரிய ரிப்பன் வச்சு மறைச்சிரலாம்" என்றார்.

"மறைக்காண்டாம்" என்றாள் அத்தை. "அது மேல இழுக்காம, கிழியாம, சரியாட்டு உக்காரணும். அவ்வளவுதான்."

கழுத்தை அகலமாக வெட்டி, முதுகில் இரும்புப் பட்டை உரசும் இடத்தில் உள்ளே இரட்டைத் துணி கொடுத்து, இடுப்பை இறுக்காமல் நேராக இறக்கித் தைத்தார். போட்டுப் பார்த்தபோது அடிப்பக்கம் சுற்றிலும் ஒரே மட்டமாக நின்றது. பஞ்சு இல்லாமலே.

கல்யாணத்தன்று காலையில் மழை விட்டிருந்தது. ஆலயத்துக்குள் பெஞ்சுகளுக்கு நடுவே அத்தைக்குப் பின்னால் கையில் பூச்செண்டோடு நடந்தேன். தலையைத் திருப்ப முடியாததால் இரண்டு பக்கமும் யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முணுமுணுப்பு மட்டும் கூடவே நகர்ந்து வந்தது. "பிள்ளைக்கு என்ன தீனம்?" என்று ஒரு பெண் யாரையோ கேட்டாள். தீனம் என்றால் எங்கள் ஊரில் நோய்.

போதகர் ஜெபம் பண்ணலாம் என்றார். எல்லாரும் உட்கார்ந்தபடி முதுகு வளையத் தலை குனிந்தார்கள். என்னால் குனிய முடியாது. மேடைக்குப் பக்கத்தில் ஜனங்களைப் பார்த்தபடி நின்றிருந்தேன். கண்ணை மூட மறந்துபோனேன். ஆலயம் நிறைய முதுகுகள். கோட்டுக்குள் கூன் விழுந்த முதுகு, ஜாக்கெட் பிதுங்கும் முதுகு, கஞ்சி போட்ட சட்டை விறைத்து நிற்க உள்ளே ஒடுங்கிப்போன முதுகு, ஒரு தோள் தாழ்ந்தது, கழுத்தே இல்லாதது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது. ஜெபம் நீளமாக இருந்ததில் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

குனியாத தலை இன்னொன்றும் இருந்தது. அம்மா. முன்வரிசையில் உட்கார்ந்து, யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. உடனே அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு வாரத்தில் அத்தை கிளம்பினாள். தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, அதக் கழத்தாண்டாம்" என்றாள். அம்மா, "நீ நல்லாட்டுப் போயிட்டு வா" என்றாள். மூன்று மடிப்புக் கண்ணாடியை அத்தை எனக்காக விட்டுவிட்டுப் போயிருந்தாள். கொஞ்ச நாளில் அதன் பக்கக் கதவுகளை மூடி, முன்னால் துணிப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது அம்மா அறைக் கதவைச் சாத்தினாள். பின்னால் வந்து நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். சட்டத்தை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, அந்தப் பெரிய வெள்ளைச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டாள்.

"சாயங்காலம் வந்ததும் போட்டுக்கலாம். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்ணும்" என்றாள்.

உடம்பு லேசாக இருந்தது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். அப்பா வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். என் கழுத்தைப் பார்த்தார். பேப்பரை மடித்தார். திரும்பப் பிரித்தார்.

முதலில் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கழற்றினோம். பிறகு ஆலயத்துக்கு, பிறகு விருந்தாட்கள் வந்தால், பிறகு வெயில் காலம் என்று. டாக்டரிடம் போகும்போது மட்டும் போட்டுக்கொண்டு போவோம். எப்போதும் போடுகிறாள் என்று அம்மா சொல்வாள். இருந்தும் ஏன் வளைவு கூடுகிறது என்று டாக்டர் படத்தை ஜன்னலில் வைத்து யோசிப்பார். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் சட்டம் எனக்குச் சின்னதாகிவிட்டது. பரணில் போட்டார்கள். அந்த வீட்டை மாற்றியபோது அது எங்கே போனதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் உடுப்புகள் எல்லாம் அம்மா தேர்ந்தெடுத்தவைதான். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, அது விறைத்து நின்று மறைக்கும். வலது பக்கம் தூக்காமலிருக்கக் கொசுவத்தில் ஊக்கு. தலைப்பை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தச் சொல்வாள். பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் நான் எப்படி உட்காரவேண்டும், எந்தக் கதவு வழியாக உள்ளே போகவேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தந்தபடி. வந்தவர்கள் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டவர் என் அலுவலகத்தில் எனக்குப் பின் மேசையில் பல வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்படி அம்மா என்னை எச்சரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அதை நினைத்துச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

அத்தை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் முதுகைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருநாள் தைரியமாக இருந்துவிட்டு ரயில் ஏறிவிட்டோம் என்ற நினைப்பு அவளுக்கு இருந்திருக்கலாம். அந்த ஒருநாள் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று நானும் அவளிடம் சொல்லவில்லை.

அம்மாவின் கடைசி வருடங்களில் அவள் என்னோடுதான் இருந்தாள். ஒரு கை விழுந்துவிட்டது. வயது அவள் முதுகையும் வளைத்துவிட்டது. எந்த நைட்டி வாங்கினாலும் அவளுக்குத் தலை வழியாகப் போட முடியவில்லை. நானே முதுகுப் பக்கம் வெட்டி நாடா வைத்துத் தைத்தேன். முன்னாலிருந்து கைகளை நுழைத்துப் பின்னால் முடிந்துவிடலாம். உடம்பை ஒட்டி நின்றது, தடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் உடம்பு துடைத்துவிட்டு அவளுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் நாடாவை முடிய முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். அம்மா நல்ல கையை நீட்டி என் விலாவைத் தொட்டாள். எலும்பு புடைத்த இடத்தில் கை நின்றது. அவள் அங்கே தொட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

"மக்களே" என்றாள். "அத நான் கழத்தாம இருந்திருந்தா சரியாயிருக்குமா?"

இல்லையம்மா, எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அதை அவள் என்னிடம் கேட்டது பொய் கேட்பதற்காக அல்ல.

"முழுசாட்டு சரியாயிருக்காது" என்றேன். "கொஞ்சம் கொறஞ்சிருக்கும்."

அம்மா தலையாட்டினாள்.

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றாள். பிறகு நான் நாடாவை முடிய வசதியாக, மெதுவாக முன்பக்கம் குனிந்து கொடுத்தாள்.